நிற்கிற வண்டிக்கு எதற்கு நாலு சக்கரம்?

ஒரு கடைக்கும் ஒரு வண்டிக்கும் என்ன வித்தியாசம்? கடை நம்மை வரச் சொல்லும். வண்டி நம்மைத் தேடி வரும். அவ்வளவுதான். இதைச் சொல்ல ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். ஐஸ் வண்டியின் மணிச் சத்தம் கேட்டுத் தெருவுக்கு ஓடிய எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

ஆனால், ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் 'ஃபுட் டிரக்'குகளைப் பார்க்கும்போது இந்தச் சின்ன விஷயம் எப்படியோ மறந்துபோய்விட்டது என்று தோன்றுகிறது. வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறார்கள். டயருக்கு முன்னால் ஒரு கல் வைக்கிறார்கள். சீரியல் பல்பு மாட்டுகிறார்கள். நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் போடுகிறார்கள். அதற்கப்புறம் அந்த வண்டி நகர்வதே இல்லை. சில வண்டிகளின் டயர்களில் காற்றுகூட இல்லை. கேட்டால், "கிரியேட்டிவ் கான்செப்ட் சார்" என்கிறார்கள்.

எனவே, இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது சினிமாவோ புத்தகமோ அல்ல. சனிக்கிழமை சாயங்காலம் தூத்துக்குடி கடற்கரை ஓரமாக நிற்கிற சாப்பாட்டு வண்டிகள்.

ஏன் தூத்துக்குடி? வண்டியில் சோறு என்ற விஷயத்தைப் பரிசோதிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. ஒரு பக்கம் துறைமுகம். ஒரு பக்கம் உப்பளம். ஒரு பக்கம் மீன்பிடித் துறை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் பரோட்டாக் கல் சூடாக இருக்கிற ஊர் இது. சாப்பாட்டு விஷயத்தில் இந்த ஊர்க்காரரை ஏமாற்ற முடியாது. பரோட்டா ஒரு பொட்டு வேகாவிட்டாலும், "என்ன அண்ணாச்சி, மாவு அப்படியே இருக்கு?" என்று தட்டைத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

வண்டிகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெரும்பாலும் இருபத்தைந்து வயசுப் பையன்கள். கடன் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஒரு பத்திரிகைக்காரன் ஒரே ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு அவர்கள் பிழைப்பில் மண் போடக் கூடாது. ஆனால், சாப்பாட்டைப் பற்றிச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும்.

முதல் வண்டி, 'குட்டி யானை' என்று நாம் செல்லமாகச் சொல்கிற மினி லாரி. மஞ்சள் பெயின்ட். பக்கவாட்டில் கூலிங்கிளாஸ் போட்ட பூனைப் படம். மெனு போர்டில் மோமோ, ஷவர்மா, பெரி பெரி சிப்ஸ், கொரியன் நூடுல்ஸ், ப்ளூ மோஹித்தோ. மோமோ வாங்கினேன். ஃப்ரீஸரிலிருந்து பாக்கெட்டைப் பிரித்து, ஆவியில் வைத்து, சிவப்புச் சட்னியோடு தந்தார்கள். சூடாக இருந்தது. அதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. இமயமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்த மோமோவோடு எனக்கு ஒரு பகையும் கிடையாது. ஆனால், இதே போர்டு கோவையிலும் இருக்கிறது, திருச்சியிலும் இருக்கிறது. போர்டில் ஊர் பெயரை மாற்றினால் போதும், சாப்பாட்டை மாற்ற வேண்டியதில்லை என்றால், அதில் எந்த இடத்தில் இருக்கிறது கிரியேட்டிவிட்டி? பூனையின் கூலிங்கிளாஸில்தான்.

இரண்டாவது வண்டியில் 'பரோட்டா டாக்கோ'. யோசனைக்கு முழு மார்க். பரோட்டாவைச் சின்னதாகப் போட்டு, பாதியாக மடித்து, உள்ளே பொரித்த சிக்கன், வெங்காயம், முட்டைக்கோஸ். கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடியே சாப்பிடலாம். கடற்கரைக்கு ஏற்ற சாப்பாடுதான். ஆனால், சால்னா எங்கே? அதன் இடத்தில் மயோனைஸ் ஊற்றியிருந்தார்கள். 2025 ஏப்ரலில் தமிழக அரசு பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை போட்டது நினைவிருக்கிறதா? அதைக் கேட்டதும் பையன் உஷாராகி, "இது முட்டை இல்லாதது அண்ணாச்சி, பயப்படாதீங்க" என்றான். என் கவலை அது இல்லை தம்பி. பரோட்டாவும் சால்னாவும் புருஷன் பொண்டாட்டி மாதிரி. சண்டை போடலாம், பிரிக்கக் கூடாது. சால்னாவைக் கெட்டியாகச் சுண்ட வைத்து உள்ளே தடவியிருந்தால், நான் இன்னொன்று வாங்கியிருப்பேன்.

மூன்றாவது, 'மக்ரூன் மில்க் ஷேக்'. இதை மட்டும் மன்னிக்கவே முடியாது. தூத்துக்குடி மக்ரூனில் இருப்பது மூன்றே சரக்கு: முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்ததை, இங்கே முந்திரி போட்டு, கூம்பு கூம்பாகப் பிழிந்து, மெதுவான சூட்டில் விட்டு எடுக்கிறார்கள். போர்ச்சுகீசியர் கொண்டுவந்த பழக்கம் என்று ஊரில் சொல்வார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே லேசான பிசுபிசுப்பு, நாக்கில் வைத்ததும் கரைந்து காணாமல் போகிற மாயம். அந்த மாயத்தின் எதிரியே ஈரம்தான். மழைக்காலத்தில் டப்பாவை ஒழுங்காக மூடாவிட்டால் நமுத்துப்போகிற பண்டம் அது. அதைக் கொண்டுபோய்ப் பாலில் போட்டு மிக்ஸியில் அடித்தால் என்ன மிஞ்சும்? சர்க்கரைத் தண்ணீர். இரண்டு நல்ல பொருட்களைச் சேர்த்தால் மூன்றாவது நல்ல பொருள் வரும் என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

நாலாவது வண்டி ரொம்பச் சின்னது. பெரிய அலங்காரம் இல்லை. கருப்பட்டிக் காபியும் சுக்குக் காபியும் மட்டும். கருப்பட்டி, உடன்குடியிலிருந்து. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே உடன்குடிப் பனங்கருப்பட்டி. கடல் காற்றில் நின்றுகொண்டு அந்தக் காபியைக் குடித்தபோது, "சபாஷ்" என்று சொல்லத் தோன்றியது. அலட்டல் இல்லை. இந்த மாவட்டத்துப் பனைமரம் ஒரு தம்ளருக்குள் வந்திருக்கிறது. சாயங்காலத்தின் முதல் பரிசு அதற்குத்தான்.

இத்தனை வண்டிகளைப் பார்த்தேன். ஒன்றிலாவது மீன் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ம்ஹூம். நான் போன அன்றைக்கு ஒரு வண்டியிலும் இல்லை.

இது சாதாரண விஷயம் இல்லை. நாம் நிற்பது மன்னார் வளைகுடாவின் கரையில். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி திரேஸ்புரம். வாரம் முழுக்கக் கடலில் தங்கி மீன் பிடிக்கிற நாட்டுப்படகுகள் பெரும்பாலும் சனிக்கிழமைதான் கரை திரும்பும். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத ஊர் வழக்கம். சீலா, விளைமீன், பாறை, ஊளி, சாளை என்று ஏலக் குரல் கேட்கிற அதே சனிக்கிழமை, கடற்கரைக்கு வருகிற குடும்பத்துக்கு நாம் கொடுப்பது ஃப்ரீஸர் மோமோ. கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு கோழி தின்கிறோம்.

ஏன் இப்படி என்று அந்த பரோட்டா டாக்கோ பையனிடமே கேட்டேன்.

"மீனா? அதெல்லாம் வீட்ல சாப்புடுறதுதான அண்ணாச்சி? வெளிய வந்தா யாரு மீன் கேக்கா?"

"கேட்டா குடுப்பியா?"

கொஞ்சம் யோசித்தான். "சிக்கன்னா நாளைக்கும் ஏறக்குறைய இதே வெலதான். மீனுக்கு அப்படிச் சொல்ல முடியுமா? காத்து அடிச்சா போட்டு போகாது. இன்னைக்கு ஒரு வெல, நாளைக்கு ஒரு வெல. போர்டுல நான் என்னன்னு எழுத?"

நியாயமான கேள்வி. நான் படித்தது பி.காம். என்பதால் இந்தப் பதிலை மதிக்கிறேன். பிராய்லர் கோழி ஃபாக்டரிச் சரக்கு மாதிரி. விலையை முன்கூட்டியே ஊகிக்கலாம். மீன், ஏலச் சரக்கு. ஐஸ் வேண்டும், அன்றைக்கே விற்க வேண்டும், மிஞ்சினால் நஷ்டம். எனவே அச்சடித்த மெனுவில் மீனுக்கு இடம் கிடைப்பதில்லை.

ஆனால், பதிலும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அச்சடித்த போர்டை எடுத்துவிட்டு, ஒரு கரும்பலகையும் ஒரு சாக்பீஸும் வைத்தால் போதும். 'இன்றைய மீன்' என்று ஒரே ஒரு வரி. சாளை மலிவாகக் கிடைத்த நாளில் சாளை வறுவல். விளைமீன் வந்தால் விளைமீன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போதும் நாட்டுப்படகு மீன் வரும், கருவாடும் இருக்கிறது. தினம் மாறுகிற மெனுவைவிட கிரியேட்டிவான மெனு உண்டா? அதற்குத்தானே சமையல்காரன் வேண்டும்? பாக்கெட் பிரிக்க கத்தரிக்கோல் போதுமே!

இங்கே கொஞ்சம் வெளியூர்க் கதை பேசிவிட்டு வரலாம். ஏனென்றால், இந்த ஃபுட் டிரக் மோகம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 2014-ல் வந்த 'செஃப்' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்துவிட்டு வேலையை விடலாமா என்று யோசித்தவர்கள் நம் ஊரிலும் உண்டு. ஆனால், அந்த ஊரில் வண்டிச் சோறு எப்படித் தொடங்கியது?

1866-ல் டெக்ஸாஸில் சார்லஸ் குட்நைட் என்ற மாட்டு வியாபாரி, பழைய ராணுவ வண்டி ஒன்றைச் சமையலறையாக மாற்றினார். மந்தையை ஓட்டிக்கொண்டு மாதக்கணக்கில் போகிற ஆட்களுக்குச் சோறு போட. 1872-ல் பிராவிடன்ஸ் நகரத்தில் வால்டர் ஸ்காட் என்பவர் ஒரு குதிரை வண்டியில் சாண்ட்விச்சும் காபியும் வைத்துக்கொண்டு ராத்திரியில் விற்றார். எங்கே நிறுத்தினார் தெரியுமா? ஒரு பத்திரிகை ஆபீஸ் வாசலில்! ஹோட்டல்கள் மூடிய பிறகு வேலை பார்க்கிற அச்சுத் தொழிலாளிகளும் நிருபர்களும்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். எங்கள் தொழிலுக்கும் இந்தத் தொழிலுக்கும் அப்படி ஒரு பழைய உறவு இருப்பதால்தான் இத்தனை உரிமையோடு குறை சொல்கிறேன்.

அப்புறம் லாஸ் ஏஞ்சலீஸ். கட்டட வேலை நடக்கிற இடங்களுக்குப் போய், மெக்சிகோக்காரத் தொழிலாளிகளுக்கு டாக்கோ விற்ற வண்டிகள் அங்கே ரொம்ப காலமாக உண்டு. 2008 நவம்பரில், பொருளாதாரம் சரிந்து கிடந்த நேரத்தில், ராய் சோய் என்ற சமையல்காரரும் நண்பர்களும் 'கோகி' என்ற வண்டியை இறக்கினார்கள். சோய் சியோலில் பிறந்து லாஸ் ஏஞ்சலீஸில் வளர்ந்தவர். கொரியன் முறையில் சுட்ட இறைச்சியை மெக்சிகோவின் டாக்கோவுக்குள் வைத்தார். ராத்திரி எந்தத் தெருவில் வண்டி நிற்கும் என்பதை ட்விட்டரில் சொன்னார்கள். வண்டி வந்து சேருவதற்குள் அங்கே கூட்டம் சேர்ந்திருக்கும். புது யுக ஃபுட் டிரக் அலையே அதிலிருந்துதான் என்பார்கள்.

நாம் இதிலிருந்து காப்பி அடித்தது எதை? பெயின்ட்டை, பல்பை, டாக்கோ என்ற பெயரை. விட்டுவிட்டது எதை? இரண்டு விஷயம். ஒன்று, சோய் வேறு ஊர்ப் பண்டத்தை வரவழைக்கவில்லை. தன் ஊரில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழ்கிற இரண்டு ஜனங்களின் சாப்பாட்டைச் சேர்த்துவைத்தார். இரண்டு, அந்த வண்டி ஓடியது.

இந்த இரண்டும் தூத்துக்குடிக் கடற்கரைக்குப் புதுசா என்றால், அதுதான் இல்லை.

முத்துக்குளித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-க்குப் பிறகு இங்கே பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதற்கு முன்னால், சிப்பி விளைந்த வருஷங்களில் மட்டும், கடற்கரையில் திடீரென்று ஒரு தற்காலிக ஊர் எழும்பும். எதிர்க்கரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டியில், 1906-ல் நடந்த முத்துக்குளிப்பில் லியனார்ட் வுல்ஃப் என்ற இளம் ஆங்கில அதிகாரி வேலை பார்த்தார். பின்னாளில் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் கணவரானவர். அங்கே பல்லாயிரம் பேர் கூடினார்கள். நம் கரையிலிருந்து போன தமிழர்கள், அரேபியர்கள், வியாபாரிகள். சீசன் முடிந்தால் ஊரே காலி. இத்தனை ஜனத்துக்கும் சோறு வேண்டாமா? அடுப்பும் அரிசியும் கூடவே போயின. பசி இருக்கிற இடத்துக்குச் சமையல் போக வேண்டும் என்பது இந்தக் கடற்கரைக்கு யாரும் அமெரிக்காவிலிருந்து சொல்லித்தர வேண்டிய பாடம் இல்லை.

கலந்து புதுசாக்குவதும் அப்படித்தான். ஐரோப்பாவின் மக்ரூனை இந்த ஊர் தன்னுடையதாக்கியதைச் சொல்லிவிட்டேன். பரோட்டாவே இலங்கைக்குப் போய்வந்த ஆட்கள் வழியாக இந்தத் துறைமுகத்தில் இறங்கியது என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அதற்குச் சால்னா ஊற்றித் தன் வீட்டுப் பிள்ளையாக்கியது இந்தப் பக்கம்தான். காயல்பட்டினத்துக்குப் போனால் ஒரே சஹனில் கூடி உட்கார்ந்து சாப்பிடுகிற களறிச் சாப்பாடு. கோவில்பட்டிக்குப் போனால், 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாய். ஒரு மாவட்டத்துக்குள் இத்தனை வைத்துக்கொண்டு கொரியன் நூடுல்ஸுக்கு ஏன் அலைய வேண்டும்?

இனி, இந்தச் சுற்றுலாவில் என்னை நிஜமாகவே உறுத்திய விஷயத்துக்கு வருகிறேன்.

தூத்துக்குடி ஒரு லாரி ஊர். வ.உ.சி. துறைமுகத்தில் 2024-25-ல் மட்டும் நாலு கோடி டன்னுக்கு மேல் சரக்கு கையாண்டிருக்கிறார்கள். அதில் பெரும் பங்கு லாரி ஏறித்தான் போகிறது, வருகிறது. துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். டிரைவர்கள் லாரி நிழலில் உட்கார்ந்து, ஸ்டவ் பற்றவைத்து, தாங்களே பொங்கிச் சாப்பிடுகிறார்கள். இன்னொரு பக்கம் உப்பளங்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டுமென்று விடியுமுன்னே தூக்குச்சட்டியோடு கிளம்புகிற ஆண்களும் பெண்களும். உப்பு வெளுப்பில் கண் கூசுகிற அந்த வெளியில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. ஹோட்டல் எங்கிருந்து வரும்?

அதாவது, டிரக் ஓட்டுகிறவன் பசியோடு காத்திருக்கிறான். 'ஃபுட் டிரக்' கடற்கரையில் காருக்காகக் காத்திருக்கிறது. இந்த வேடிக்கையை என்னவென்று சொல்ல?

அப்படியானால் உப்பளத்துக்கும் துறைமுக வாசலுக்கும் யாருமே போவதில்லையா? போகிறார்கள். டிவிஎஸ் 50-ன் பின்னால் டீ கேனைக் கட்டிக்கொண்டு ஒருவர் போகிறார். சைக்கிளில் வடைக்கூடை வைத்துக்கொண்டு இன்னொருவர். எவர்சில்வர் பானையில் கஞ்சியோடும் துவையலோடும் ஒரு அக்கா ரோட்டோரம் வந்து உட்காருகிறார். அந்த வண்டிகளில் பூனைப் படம் இல்லை, சீரியல் பல்பு இல்லை. 'கான்செப்ட்' என்ற வார்த்தை அவர்களுக்குத் தேவைப்படவில்லை. யாருக்கு எப்போது பசிக்கும் என்று தெரிந்து, அந்த நேரத்துக்கு அங்கே போய் நிற்கிறார்கள். என்னைக் கேட்டால் தூத்துக்குடியின் நிஜமான ஃபுட் டிரக்குகள் இவைதான்.

2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் சிக்கிக்கொண்டு, சுமார் 800 பயணிகள் தவித்தார்கள். பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கிப் போட்டார்கள். இந்த மாவட்டத்தின் சமையலுக்கு அப்படி ஒரு குணம் உண்டு. அதை நம்பித்தான் இத்தனை எதிர்பார்க்கிறேன்.

"சார், நீங்க தர்மம் பேசுறீங்க. நாங்க வியாபாரம் பண்றோம்" என்று தம்பிகள் சொல்லலாம். சரி, வியாபாரமே பேசுவோம்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கும் அடுப்புக்குமாக 5 லட்சம் கடன். 11 சதவிகித வட்டி, 5 வருஷம். மாதத் தவணை சுமார் 10,900 ரூபாய். சனி, ஞாயிறு மட்டும் கடை என்றால் மாதத்துக்கு எட்டு நாள். ஆக, அடுப்பு பற்றவைக்கும் முன்னாலேயே ஒவ்வொரு சாயங்காலமும் 1,360 ரூபாய் வங்கிக்குப் போக வேண்டும். அதே வண்டி மாதத்தில் 25 நாள் ஓடினால்? ஒரு நாளைக்கு 435 ரூபாய்தான்! மோமோ தட்டு ஏன் அந்த விலை விற்கிறது என்பதற்குக் காரணம் மோமோவில் இல்லை. மிச்ச நாட்களில் தூங்குகிற சக்கரத்தில் இருக்கிறது. திங்களிலிருந்து வெள்ளி வரை காலையில் துறைமுக வாசலில் இட்லியும் சாம்பார் சாதமும், வார இறுதியில் கடற்கரையில் மீன் டாக்கோவும் என்று அதே வண்டி ஓடினால், டிரைவருக்கும் சோறு, முதலாளிக்கும் தூக்கம். டிரைவரிடம் தட்டுக்குக் கிடைக்கும் லாபம் குறைவுதான். ஆனால், தினமும் சாப்பிடுகிற வாடிக்கையாளர் அவர். குடும்பத்தோடு கடற்கரைக்கு வருகிறவர் மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் மழை இல்லாவிட்டால்!

அதை விட்டுவிட்டு, 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று பக்கத்து வண்டியோடு மல்லுக்கட்டுவது வீண். விலையைக் குறைத்து எதிரியை விழுத்தாட்டுகிற வித்தையை இந்த ஊர் நூறு வருஷத்துக்கு முன்பே பார்த்தாகிவிட்டது. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், குடையும் தருகிறோம் என்றது. விலையில் மோதினால் பெரிய பணப்பைதான் ஜெயிக்கும். அப்படியும் சுதேசிக் கப்பலில் ஜனங்கள் ஏறியதற்குக் காரணம், அது 'நம்ம கப்பல்' என்ற எண்ணம். மோமோ விற்கிற வண்டியை எப்படி 'நம்ம வண்டி' என்று சொல்வது?

கடைசியாக, நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் ஒரு வார்த்தை. தூத்துக்குடி என்று மட்டும் இல்லை, எல்லா ஊருக்கும் சேர்த்துத்தான். கடற்கரையை, பூங்காவை அழகுபடுத்தும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தள்ளுவண்டி நின்றால் அதற்குப் பெயர் 'ஆக்கிரமிப்பு'. பெயின்ட் அடித்த வேன் நின்றால் அதற்குப் பெயர் 'ஃபுட் ஸ்ட்ரீட்'. இரண்டும் ரோட்டோரம்தான். இரண்டிலும் எண்ணெய்ச் சட்டிதான். ஒன்றில் ஆயா, இன்னொன்றில் எம்.பி.ஏ.

2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெருவியாபாரிகள் சட்டம் இப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. முதலில் கணக்கெடுக்க வேண்டும், அது முடியாமல் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவிகிதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. தள்ளுவண்டிக்காரருக்கு 2020-ல் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடன் 10,000 ரூபாய். 2025-ல்தான் அது 15,000 ஆனது. வேனுக்கு லட்சக்கணக்கில் கடன் கிடைக்கிறது. இருக்கட்டும். ஆனால், நிற்க இடமாவது சமமாகக் கிடைக்க வேண்டாமா? அகமதாபாத்தில் கான்கரியா ஏரிக்கரையின் பழைய தெருக்கடைகளையே சுத்தப்படுத்தி, 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'சுத்தமான தெருவோர உணவு மையம்' என்ற சான்றிதழ் வாங்கினார்கள். அழுக்கு என்று சொல்லித் தள்ளுவண்டியைத் துரத்துவதற்குப் பதிலாக, அதற்கு ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு குப்பைத் தொட்டியும் கொடுத்துப் பார்க்கலாம் என்பதுதான் அதன் பாடம்.

ஆகவே தீர்ப்பு: கடற்கரை வண்டிகளில் பெயின்ட்டுக்கு எண்பது மார்க். சமையலுக்கு நாற்பது, அதிலும் பாதி கருப்பட்டிக் காபிக்கும், சால்னா இல்லாத அந்த பரோட்டா யோசனைக்கும். சக்கரத்துக்கு முட்டை. பையன்களிடம் கை இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் கடலும், கொஞ்ச தூரம் ஓட்டிப் போனால் பசியும் இருக்கிறது. அவர்கள் திரும்பிப் பார்க்க நாமும் ஒரு காரணமாக இருக்கலாம். வாடிக்கையாளர் கேட்காததை எந்த வியாபாரியும் விற்பதில்லை.

தூத்துக்குடிப் பக்கம் போனால் மக்ரூன் வாங்குங்கள். பாலில் போடாமல் அப்படியே சாப்பிடுங்கள். கடற்கரையில் வண்டி வண்டியாகப் போய் நின்று, மெனு போர்டைப் பார்க்காமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, இன்னைக்கு என்ன மீன்?"

பத்துப் பேர் கேட்டால் சிரிப்பார்கள். நூறு பேர் கேட்டால் சாக்பீஸ் வாங்குவார்கள்.